கனக்காத குழாய்

குழாய் கனக்கவில்லை. அதுதான் முதலில் உறைத்தது.

காரின் கூரைக்குப் பெயிண்ட் அடிக்கிறவனுக்கு ஸ்ப்ரே கன் ஒரு கனமே இல்லை. அதன் வாலாகப் பின்னால் வருகிற காற்றுக் குழாய்தான் கனம். அதைத் தோளில் போட்டு, முதுகுப் பக்கமாகத் தரையில் இழுத்துக்கொண்டே வண்டியைச் சுற்ற வேண்டும். ஈரப் பெயிண்டில் அது ஒரு தடவை உரசினால் போதும், மூன்று நாள் வேலை குட்டிச்சுவர். பெயிண்டருக்கு இது இருபது வருஷப் பழக்கம். இடது தோளில் அந்தக் குழாய்க்கென்றே ஒரு காய்ப்பு உண்டு. அன்று காலை பதினொரு மணிக்கு, அறையின் கண்ணாடிக் கூரை வழியாக வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தபோது, முதல் பூச்சின் நான்காவது வீச்சில், அந்தக் கனம் தோளைவிட்டுப் போயிற்று. யாரோ பின்னால் நின்று குழாயைப் பதமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டது போல இருந்தது.

வீச்சை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பெயிண்ட் அடிக்கும் அந்தத் தகர அறைக்குள் அவனையும் காரையும் தவிர யாரும் இல்லை. குழாய் வழக்கம்போலத் தரையில் சுருண்டு கிடந்தது. தோளில் கனம் திரும்பி வந்திருந்தது.

'சரிதான், வயசாகுது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பூச்சை முடித்தான். சொல்லிக்கொண்டானே தவிர, முதுகுத்தண்டு அதை நம்பவில்லை. குழாயை அப்படிப் பிடிக்கிற கை ஒன்று இருந்தது. போன வருஷம் வரைக்கும் இருந்தது.

தெருவில் இந்த மாதிரிக் கார்களை 'ஜிகினா வண்டி' என்பார்கள். கேலிதான், ஆனால் தப்பில்லை. ஊசிமுனை அளவுக்கு நறுக்கிய உலோகத் தகட்டுத் தூளைத் தண்ணீர் போன்ற கிளியர் பூச்சில் கலந்து, கறுப்பு அடித்த உடம்பின் மேல் தெளிக்க வேண்டும். தூள் கனமானது, கண்ணை மூடித் திறப்பதற்குள் கன்னில் மாட்டிய பெயிண்ட் கப்பின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது உட்காராமல் இருக்கக் கப்புக்குள் ஓர் இரும்புக் குண்டைப் போட்டு, வீச்சுக்கு வீச்சு மணிக்கட்டை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கிளுக், கிளுக். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பூச்சைத் தொடங்கினால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பாதியில் கை நின்றால், நின்ற இடத்தில் ஒரு கோடு விழும். மேலே எத்தனை கிளியர் அடித்தாலும் அந்தக் கோடு வெயிலில் பல்லை இளிக்கும். "பாதியில நிறுத்தினா கோடு விழும்" என்பதை அவன் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லுவான்.

அதனால் இது இரண்டு ஆள் வேலை. ஒருவன் அடிப்பான், ஒருவன் பின்னால் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பான். பிடித்தது அவனுடைய மச்சான், மனைவியின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாமல் அவர்கள் வீட்டு மாடியறையிலேயே இருந்த மனுஷன். கடைவாய்ப் பல் வலிக்கு எப்போதும் ஒரு கிராம்பை மென்றுகொண்டிருப்பான். புருவத்தில், காது மடலில், தலை வகிட்டில் எல்லாம் ஜிகினா மின்னும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. "நான் செத்தா எரிக்காதீங்க மாப்ள, கடை வாசல்ல நிக்க வெச்சிடுங்க, போர்டு மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவனே சிரிப்பான்.

உள்ளே பேசினால் காதில் விழாது என்பதால் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஏதாவது ஆபத்து என்றால் மச்சான் தன் மோதிரத்தால் தகரச் சுவரில் இரண்டு தட்டு தட்டுவான். இரண்டு தட்டு கேட்டால் கன்னை நிறுத்திவிட்டு வெளியே போய்விட வேண்டும். இந்த விதியைப் போட்டதே பெயிண்டர்தான்.

போன வருஷம் இதே காருக்கு, இதே கூரைக்கு, ஜிகினா அடித்துக்கொண்டிருந்தபோது காற்றை வெளியே இழுக்கும் ஃபேனின் பெல்ட் அறுந்தது. பெயிண்டரின் தலையில் தனிக் குழாயில் சுத்தமான காற்று வருகிற முழுமூடி இருந்தது. மச்சானிடம் இருந்தது சாதாரண மாஸ்க். அதன் வடிகட்டி எப்போதோ மாற்றியிருக்க வேண்டியது. "இந்த ஒரு வேலைக்குத் தாங்கும் மச்சான்" என்று பெயிண்டர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தான்.

கூரையில் பாதி முடிந்திருந்தது. இரண்டு தட்டு கேட்டது.

கேட்டது. நன்றாகவே கேட்டது. 'இன்னும் கொஞ்சம்தான், முடிச்சுடறேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அவன் மணிக்கட்டை ஆட்டினான். மறுபடி இரண்டு தட்டு. கூரை முடிந்து காரின் டிக்கி மூடிக்கு வந்திருந்தான். மூன்றாவது முறை ஒரே ஒரு தட்டுத்தான் வந்தது. அதையும் தாண்டி விளிம்புவரை அடித்து, ஒரு கோடில்லாமல் முடித்துவிட்டுத்தான் திரும்பினான். மச்சான் முட்டி போட்டுச் சுவரில் சாய்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. வலது கை மட்டும் தலைக்கு மேலே தூக்கியபடி இருந்தது. அந்தக் கையில் குழாய் இருந்தது. அந்த நிலையிலும் குழாயை ஈரப் பெயிண்டில் படவிடாமல் தூக்கிப் பிடித்திருந்தான் அந்தப் பாவி மனுஷன்.

பெயிண்டர் இதை யாரிடமும் சொல்லவில்லை. கையைக் கீழே இறக்கி, குழாயை விடுவித்து, அப்புறம்தான் கத்தினான். "மூடிக்குள்ள காத்து சீறுற சத்தம், கம்ப்ரசர் சத்தம், ஒண்ணும் கேக்கலையே" என்று சொல்லி அழுதான். அழுகை நிஜம். மனைவி அதை அப்படியே நம்பினாள். நம்பியது மட்டுமா, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முகத்தைச் சுளித்தபோது, "அவரைக் குத்தம் சொல்லாதீங்க, உள்ள இருக்கறவங்களுக்குக் கேக்காது" என்று அவனுக்காக அவளே ஒவ்வொருவரிடமும் பரிந்து பேசினாள். அவள் பேசப் பேச இவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூனிக் குறுகிப்போவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு மாதம் கழித்து அந்தக் கார் ஒரு கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. கூரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு கோடு கிடையாது" என்றார்கள். அவனுக்கு அந்த இடத்திலேயே வாந்தி வந்தது.

இப்போது மரக்கிளை விழுந்து கூரை நசுங்கி, அதே கார் திரும்ப வந்திருக்கிறது. மச்சான் இடத்தில் மனைவி வேலை செய்கிறாள். உள்ளே வரமாட்டாள், கண்ணாடி வைத்த கதவுக்கு வெளியே, கலக்கும் அறையில் தூளை எடை போட்டு, கலந்து, சல்லடையில் வடித்துத் தருவாள். அண்ணனின் மோதிரம் அவள் பெருவிரலில் இருக்கிறது. மற்ற விரல்களுக்கு அது பெரிது.

முதல் பூச்சு முடிந்து வெளியே வந்தவன் மூடியைக் கழற்றினான்.

"நடுவுல உள்ள வந்தியா?"

"மாஸ்க் கூட இல்லாம நான் எதுக்கு உள்ள வரப்போறேன்?" என்றாள் கலக்குவதை நிறுத்தாமல். "ஏன், முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு. தண்ணி குடிங்க."

குடித்தான். அவள் நிரப்பிக் கொடுத்த கப்பை வாங்கிக்கொண்டு இரண்டாவது பூச்சுக்குப் போனான்.

உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. ஃபேன் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. புது பெல்ட், அவன் கையாலேயே மாட்டியது. மூடிக்குள் காற்று மெல்லச் சீறியது. ரப்பர் வாசனை. ஜிகினா விசிறிய இடமெல்லாம் கறுப்புக் கூரை ராத்திரி வானமாக மாறிக்கொண்டே வந்தது. கூரையில் பாதிக்கு வந்திருப்பான். ரப்பர் வாசனைக்கு நடுவே மெல்லிசாக இன்னொரு வாசனை ஏறியது. கிராம்பு. எங்கேயோ காற்றைப் பிடித்து வடிகட்டி அனுப்புகிற குழாயில் கிராம்பு எப்படி வரும் என்று அவன் யோசித்து முடிப்பதற்குள், முதுகுக்குப் பின்னால் கேட்டது.

டக். டக்.

விரல் தானாகவே விசையை விட்டுவிட்டது. ஒரு வருஷம் கழித்து, ஒரு நொடி கூடத் தாமதிக்காமல் நிறுத்தினான். கால்கள் அவனை வெளியே கொண்டுவந்து போட்டன.

"என்னங்க, கன் அடைச்சுக்கிச்சா?"

"நீ தட்டினியே..."

"நான் தட்டலையே."

"இல்ல, இப்ப, ரெண்டு தடவை..." என்றவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

அவள் சல்லடையை மேசைமேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள்.

"தட்டினா உள்ள கேக்குமா?"

அவன் மூடியைக் கழற்றிக் கீழே வைத்தான். "கேக்காது. கேட்ட மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். மனப்பிராந்தி."

"கேக்காதுன்னு நீங்க சொன்னீங்க. ஊருக்கெல்லாம் நானும் அதைத்தானே சொன்னேன்."

"கேக்காதும்மா."

அவள் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். கூரையின் நடுவில், வெயிலில், குறுக்கே ஒரு கோடு ஓடியிருந்தது. ஒரு பக்கம் மின்னியது, மறுபக்கம் மங்கலாக இருந்தது.

"கோடு விழுந்துடுச்சு" என்றாள். "காய வெச்சுத் தேச்சுடுங்க. திரும்ப அடிங்க. இந்தத் தடவை நான் கண்ணாடில தட்டுறேன். கேட்டா நிறுத்துங்க. கேக்கலைன்னா அடிச்சுக்கிட்டே போங்க."

"எதுக்கு இந்த விளையாட்டெல்லாம்?"

"எனக்காக."

அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பான். அவள் வழக்கம்போல மூக்கைச் சுருக்கித் தூளை நிறுக்கத் தொடங்கிவிட்டாள். அதைப் பார்க்க அவனுக்குக் கூசியது.

விளக்குச் சூட்டில் காயவைத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அந்தக் கோட்டைத் தேய்த்தான். வெள்ளி கலந்த தண்ணீர் காரின் கதவு வழியாக வழிந்து அவன் செருப்புக்குள் இறங்கியது. தேய்க்கிற நேரமெல்லாம் ஒரே யோசனைதான். சொல்லிவிடலாம். 'கேட்டுச்சு. மூணு தடவையும் கேட்டுச்சு. ஒரு கூரைக்காக உன் அண்ணனை விட்டுட்டேன்.' எண்ணிப் பார்த்தால் பத்து வார்த்தைகூட இல்லை. ஆனால் அதற்கப்புறம் அவள் அவனை என்ன பார்வை பார்ப்பாள்? அந்தப் பார்வைக்கு முன்னால் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது, எப்படிப் படுப்பது? பேய்க்குக்கூட அவன் அவ்வளவு பயப்படவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். யார் தட்டினாலும் சரி, நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அதுவே வாக்குமூலம். அந்த முடிவை எடுத்தபோதே தன்னைத் தானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது. இருந்தும் எடுத்தான்.

மணி மூன்று. மூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் அவள் நின்றாள்.

கிளுக், கிளுக். முதல் வீச்சு. இரண்டாவது. மூன்றாவது.

நாலாவதில் தோள் லேசாயிற்று.

அவன் திரும்பவில்லை. குழாய் அவனுக்குப் பின்னால் பதவிசாக, அவன் நகர நகர நகர்ந்து, காரின் மூலை வந்தபோது தானே விலகிக்கொடுத்து, இத்தனை வருஷமும் வந்தது போலவே கூடவே வந்தது. அந்தப் பக்குவம் ஒரே கைக்குத்தான் உண்டு. எந்தக் கோபமும் அதில் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கழுத்தைப் பிடித்து நெரித்திருந்தால்கூட நியாயம் என்று ஏற்றுக்கொண்டிருப்பான். அவன் கண்ணில் நீர் முட்டியது. மூடிக்குள் துடைக்க வழியில்லை.

டக். டக்.

அவள்தான். கண்ணாடியில் அவள்தான் தட்டுகிறாள். நிறுத்தாதே.

ஆனால் கண்ணாடியில் தட்டினால் இப்படியா கேட்கும்? இது தகரம். அதுவும் இடுப்பு உயரத்துக்குக் கீழே. முட்டி போட்டவன் தட்டுகிற உயரம்.

கிராம்பு வாசனை தொண்டைவரை இறங்கியது. ஃபேனின் உறுமல் இழுத்தது. விக்கியது. நின்றுவிட்டது.

அந்த அமைதியில் அவன் மூச்சு அவனுக்கே கேட்டது. பின்னால் இன்னொரு மூச்சும் கேட்டது. ஈரமான, அடைத்த, மாஸ்க் வழியாக இழுக்கிற மூச்சு.

டக். டக்.

மணிக்கட்டை ஆட்டினான். கிளுக். கூரை முடிந்தது. டிக்கி மூடி. வெளியே இழுக்க ஃபேன் இல்லாததால் ஜிகினா போக இடமின்றி அறை முழுக்க மிதந்தது. வெயிலில் ஒவ்வொரு துகளும் தனித்தனியாக எரிந்தது. இன்னும் மூன்று வீச்சு. இரண்டு.

டக்.

ஒன்றே ஒன்று. மூன்றாவது முறை ஒரே ஒரு தட்டு. அவளுக்கு அது தெரியாது. அதை அறிந்தவர்கள் இரண்டே பேர்.

கடைசி வீச்சு விளிம்புவரை போய் முடிந்தது. கோடு இல்லை. திரும்பினான்.

முதலில் கதவுக் கண்ணாடியைத்தான் பார்த்தான். அவள் நின்றாள். இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பரப்பி அழுத்தியிருந்தாள். விரல்கள் வெறுமையாக இருந்தன. மோதிரம் பின்னால் மேசைமேல், சல்லடைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் தட்டவே இல்லை. அவள் அவனையும் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால், கீழே, சுவரோரம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனும் பார்த்தான்.

மிதந்துகொண்டிருந்த ஜிகினா மெல்லக் கீழிறங்கி, எங்கெங்கே படிய முடியுமோ அங்கெல்லாம் படிந்துகொண்டிருந்தது. தரையில். டயரில். தரைக்கு மேலே ஒரு தோளில். ஒரு முட்டியில். சாய்ந்த தலையின் வகிட்டில். தூக்கியபடியே நின்ற ஒரு கையின் ஐந்து விரலிலும். அந்த விரல்களுக்குள் குழாய், ஈரப் பெயிண்டில் படாமல், காற்றில் வளைந்து நின்றது. துகள் படிந்த இடம் மட்டும் தெரிந்தது, படியாத இடத்தில் சுவர் தெரிந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஜிகினா படியவே இல்லை. அது உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது.

கதவு திறந்தது. மாஸ்க் இல்லாமல் அவள் உள்ளே வந்தாள்.

வேண்டாம் என்று கத்தினான். மூடிக்குள் அது அவனுக்கு மட்டும்தான் கேட்டது. அவள் நேராகப் போய் அந்தக் கைக்கு முன்னால் குனிந்தாள்.

"வெளியே வரைக்கும் கேட்டுச்சுண்ணா" என்றாள். கதவு சாத்தியிருந்தும் கேட்டதை, அண்ணனிடம்தான் சொன்னாள். "போதும். விடு. நான் பிடிச்சுக்கறேன்."

குழாய் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது. வெள்ளி விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. உருவம் உதிர்ந்து, சுவரோரம் ஒரு பிடி ஜிகினாவாகத் தரையில் படிந்தது. அவள் நிமிர்ந்தாள். குழாயை ஈரத்தில் படாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். இதற்கு முன் அவள் அதைத் தொட்டதே கிடையாது, ஆனாலும் உயரம் சரியாக இருந்தது. முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் அவன் ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தான்.

"இன்னும் ஒரு பூச்சு இருக்குல்ல" என்றாள். "அடிங்க. பாதியில நிறுத்தினா கோடு விழும்."

கன்னைக் கீழே போட நினைத்தான். கை கேட்கவில்லை. மணிக்கட்டு தானாக ஆடியது. கிளுக். விரல் விசையை அழுத்தியது. ஜிகினா சீறிக் கிளம்பியது. தோளில் கனமே இல்லை.

பின்னால் அவள் இருமினாள். முட்டி மடங்கித் தரையில் படுகிற சத்தம் கேட்டது. அவன் முகமூடிக் கண்ணாடியின் ஓரத்தில் தெரிந்த பிம்பத்தில், அவளுடைய உதட்டில் ஜிகினா படிந்து, மூச்சோடு உள்ளே போய், வெளியே வந்து, உள்ளே போனது. மோதிரம் இல்லாத விரல் சுவரைத் தேடியது.

டக். டக்.

அவன் கை அடித்துக்கொண்டே போனது.